தாத்தாவின் காலும் டன்லப் டாக்டரும்

எங்கள் வீட்டில் சோற்றுப் பானையைக் கரண்டியால் சுரண்டக்கூடாது. அடிப்பிடித்தாலும் சரி, பாட்டி தண்ணீர் ஊற்றி ஊறவைத்து கையால்தான் தேய்த்தெடுப்பார். விவரம் தெரியாத விருந்தாளி யாராவது கரகரவென்று சுரண்டிவிட்டால், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா சட்டென்று எழுந்து பால்மரக் காட்டுப் பக்கம் நடந்துவிடுவார். நெடுநேரம் கழித்துத்தான் சாப்பிட வருவார்.

தாத்தா சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ஜப்பான்காரன் போட்ட மரண ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பியவர். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருக்கும் எங்கள் பகாவ் வட்டார ரப்பர் தோட்டங்களில் ஒரு மனிதரைப் பற்றி இதைச் சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். லயத்துக்கு லயம், தொழிலாளர் வீட்டு வரிசைக்கு வரிசை, ஜப்பான்காரன் காலத்தில் போனவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவருடைய இடது கால் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல், வெற்றிலை அகலத்துக்கு ஒரு பள்ளம். அந்த இடத்தில் சதையே கிடையாது. எலும்பின் மேல் நேராகத் தோல் மட்டும், வெங்காயச் சருகு போல மெல்லிசாக, பளபளவென்று ஒட்டியிருக்கும். முடி முளைக்காது. மழைக்காலத்தில் காட்டு வேலைக்குப் போய் ஒரு புல் கிழித்தால் போதும், அந்தத் தோல் பிட்டுக்கொண்டு நீர் கசியும். அப்போதெல்லாம் அப்பா வெந்நீர், பஞ்சு, மஞ்சள் மருந்து, துணிச்சுருள் எல்லாவற்றையும் ஒரு இனாமல் தட்டில் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, தாத்தாவின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொள்வார்.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் காரில் வந்துபோவார். மற்ற நாட்களில் காய்ச்சலோ, பிரசவமோ, பால்வெட்டுக் கத்தி கீறிய காயமோ, எல்லாம் டிரசர் கையில்தான். அவர் அந்த வேலைக்குப் போனதற்கே தாத்தாவின் கால்தான் காரணம் என்று பாட்டி சொல்வார். தாத்தா சயாமுக்குப் போனபோது அப்பாவுக்கு ஐந்து வயது. திரும்பியபோது ஏழு தாண்டியிருந்தது. வந்த மனிதரை அடையாளம் தெரியாமல் பயந்துபோய் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாராம்.

கரண்டியின் கதையை நான் தெரிந்துகொண்டது 1976இல், என் பதினான்காம் வயதில். பந்து விளையாடும்போது மூங்கில் வேலியில் கால் கிழிந்தது. அடி விழும் என்று பயந்து மூன்று நாள் மறைத்துவிட்டேன். நாலாம் நாள் கால் வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. அப்பா புண்ணைத் திறந்து சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் லயமே கூடும்படி கத்தினேன். தாத்தா வந்து என் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே பேச ஆரம்பித்தார். அதுவரை அவர் சயாமைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எனக்கும் மூங்கிதாண்டா கிழிச்சுது. நாலு பேரு புடிச்சிக்கிட்டாங்க. வெள்ளக்காரக் கைதி டாக்டரு. எலும்பும் தோலுமா இருந்தான், இடுப்புல ஒரு துண்டு, அவ்வளவுதான். கரண்டிய நெருப்புல காட்டி, அழுகின சதைய சுரண்டிச் சுரண்டி எடுத்தான். நான் கத்தினேன். அவன் கண்ணுலயும் தண்ணி."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா கட்டுப் போட்டு முடித்ததும் எழுந்து போய்விட்டார்.

பிற்பாடு நான் மருத்துவ உதவியாளர் பயிற்சி முடித்து அரசு வேலையில் சேர்ந்தேன். அந்தக் கரண்டியைப் பற்றிப் புத்தகங்களில் தேடுவதே எனக்கு வழக்கமாகிப் போனது. அப்படித் தேடியபோதுதான் டன்லப் கிடைத்தார்.

பகாவ்காரனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. டன்லப் என்றால் எங்களுக்கு டயர், டன்லப் என்றால் தோட்டம். பக்கத்திலிருக்கும் பெரிய கெடிஸ் தோட்டம் அந்தக் காலத்தில் டன்லப் நிறுவனத்துடையதாக இருந்தது. எரிக் கெடிஸ் என்பவர் 1920களிலும் 30களிலும் அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், அவர் பெயர்தான் தோட்டத்துக்கு. ஆனால் இந்த டன்லப் வேறு. எட்வர்ட் டன்லப், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1907இல் பிறந்த அறுவைச் சிகிச்சை நிபுணர். டயருக்கும் அவருக்கும் உறவில்லை என்றாலும் பட்டப்பெயர் டயரிலிருந்துதான் வந்தது. ஆங்கிலத்தில் டயர் என்ற ஒலிக்கு களைத்துப்போவது என்றும் பொருள் வருமே, அதை வைத்துக் கல்லூரித் தோழர்கள் 'வியரி' என்று கூப்பிட்டார்கள். களைத்தவர் என்று அர்த்தம். ஆறடி நான்கு அங்குல உயரம், ஆஸ்திரேலியாவுக்காக ரக்பி ஆடியவர். அவரை எல்லோரும் கடைசிவரை வியரி என்றே அழைத்தார்கள்.

முதலில் மருந்தாளுநர் படிப்பு, அப்புறம் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பிறகு லண்டன். 1938இல் அங்கே அறுவை மருத்துவர் கல்லூரியின் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் வாங்கினார். போர் வந்ததும் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து கிரீஸ், கிரீட், டொப்ரூக் என்று போய், 1942 தொடக்கத்தில் ஜாவா வந்து சேர்ந்தார். மார்ச்சில் ஜாவா விழுந்தது. பண்டுங்கில் அவர் பொறுப்பிலிருந்த ஆஸ்பத்திரியை உடனே காலி செய்யச் சொல்லி ஜப்பானியர் வந்தார்கள். பில் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர், இரண்டு கண்ணும் இரண்டு கையும் போனவர், கட்டிலில் கிடந்தார். அவரை நோக்கி துப்பாக்கிக் கத்தி நீண்டபோது டன்லப் நடுவில் போய் நின்றுகொண்டார். கத்தி தாழ்ந்தது. கிரிஃபித்ஸ் 2012 வரை உயிரோடு இருந்தார்.

1943 ஜனவரியில் டன்லப்பும் அவருடைய ஆட்களும் சிங்கப்பூர் வழியாக சயாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். சில மாதங்கள் கழித்து என் தாத்தாவும் அதே தடத்தில் போனார். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், சம்பளம் என்று சொல்லி, தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். சாமான் ஏற்றும் இரும்பு ரயில்பெட்டியில், உட்காரவும் இடமில்லாமல், தாய்லாந்தின் பான் போங் வரை. அங்கிருந்து காட்டுக்குள் நடை. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பகாவ் வழியாகப் போகும் எங்கள் கிழக்குக் கரை ரயில்பாதையின் வடக்குப் பகுதித் தண்டவாளங்களையும் ஜப்பானியர் பெயர்த்து அங்கேதான் கொண்டுபோனார்கள். எங்கள் ஆட்களும் எங்கள் இரும்பும் ஒரே இடத்துக்குப் போயின.

அந்த மரண ரயில்பாதை பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது. வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000, இறந்தவர்கள் 12,000க்கு மேல். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர், மலாய்க்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம். அவர்களில் இறந்தவர்கள் 80,000, 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் செத்தார். நம்மில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்குச் சாவு.

இந்த இடத்தில் நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வரும் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், சயாம் பேச்சு வந்தால் யாராவது ஒரு பெரியவர் சொல்லுவார்: "நம்ம ஆளுக்கு உடம்புல தெம்பு இல்ல, வெள்ளக்காரன் தாங்கினான்." நாற்பது வருடம் புண்ணும் காய்ச்சலும் பார்த்தவனாகச் சொல்கிறேன், அது பொய். பரம்பரை பரம்பரையாக மலேரியாக் காட்டை வெட்டிக் கித்தா, அதாவது ரப்பர், தோட்டம் ஆக்கியவர்களுக்கா தெம்பு இல்லை? வித்தியாசம் உடம்பில் இல்லை. அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள். நம்மோடு டிரசர்கூட இல்லை.

டன்லப் ஹிந்தோக் மலை முகாமில் இருந்தபோது அவரிடம் மருந்து என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை. இருந்தது படிப்பும், அதிலிருந்து வந்த ஒழுங்கும். அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொடுத்த சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கை நோயாளிகளுக்கென்று வாங்கி, வாத்து முட்டையும் பயறும் வாங்கினார்கள். குடிநீரைக் கொதிக்கவைத்தார்கள். சாப்பிடும் தட்டைக் கொதிநீரில் முக்கித்தான் சோறு வாங்கவேண்டும். கக்கூஸ் குழி சமையல் இடத்துக்குத் தூரமாக, ஆழமாக. 1943 மழையோடு காலரா வந்தபோது லாரியின் பெட்ரோல் குழாயையும் மூங்கிலையும் வைத்து வடிகலம் செய்து, வடித்த நீரில் உப்புக் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் போவதுதான். அதைத் திருப்பி ஏற்றினால் பிழைப்பான். இதைத் தெரிந்த ஒரே ஒரு ஆள் முகாமில் இருந்தால் போதும், மீதியை மூங்கில் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்துத் தமிழர் முகாமில் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். கொதிக்கவைக்கவேண்டும் என்று சொல்ல ஆளில்லை. சொன்னாலும் அண்டா இல்லை. அண்டா இருந்தாலும் விறகு பொறுக்க ஆள்விட கங்காணிக்கு அதிகாரம் இல்லை.

காலில் வரும் அந்த வெப்பமண்டலப் புண்ணும் அப்படித்தான். மூங்கில் முள்ளோ கல் சில்லோ கீறும். ஊட்டம் உள்ள உடம்பில் அது நாலு நாளில் ஆறிவிடும். பட்டினி உடம்பில் கிருமி சதையைத் தின்றுகொண்டே போகும், ஒரு வாரத்தில் எலும்பு வெளியே தெரியும். பென்சிலின் இல்லாத இடத்தில் வழி இரண்டுதான். அழுகியதை நல்ல சதை தெரியும்வரை சுரண்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் காலை எடுக்கவேண்டும். விளிம்பைக் கூராக்கிய சாப்பாட்டுக் கரண்டியால் சுரண்டினார்கள், சமையல்கூடத்து ரம்பத்தால் கால் எடுத்தார்கள். பர்மா பக்கம் 55 கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் சுமார் 120 கால்களை எடுத்தார். அவர் மெல்பர்னில் மாணவர்களுக்கு அறுவை உடற்கூறியல் கற்பித்தவர். மரத்துப்போக முதுகில் ஏற்றும் ஊசிக்கு, அங்கிருந்த டச்சு வேதியியலாளர் ஒருவர் கோகெய்னிலிருந்து மருந்து தயாரித்துக் கொடுத்தார்.

தாய்லாந்துப் பக்கம் சுங்காய் முகாமில் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் இருந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசை. டொரொன்டோவில் உடலியங்கியல் ஆய்வாளர். 1933இல் அமெரிக்காவின் மேயோ குழுவினரோடு சேர்ந்து ஒரு நாயின் இதயத்தை இன்னொரு நாயின் கழுத்துக்கு மாற்றிய ஆய்வை வெளியிட்டவர்களில் ஒருவர். ஆய்வுக்கூட அறுவை பற்றிப் பாடநூல் எழுதியவர். அப்படிப்பட்டவர் சயாம் காட்டில் ரத்தம் ஏற்ற வழி தேடுகிறார். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் உப்பு கைவசம் இல்லை. என்ன செய்தார் என்றால், எடுத்த ரத்தத்தைப் பாத்திரத்தில் ஊற்றி மூங்கில் குச்சியால் சில நிமிடம் விடாமல் கலக்கச் சொன்னார். உறையவைக்கும் நார்ப்பொருள் முழுக்கக் குச்சியில் சுற்றிக்கொள்ளும். பாலிலிருந்து வெண்ணெய் திரள்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எறிந்துவிட்டு, மீதியைத் துணியில் வடிகட்டினால் அந்த ரத்தம் உறையாது. ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய் வழியாக நோயாளிக்கு இறக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடம் மூங்கில் குச்சிக்கு இறங்கிவந்தது. அந்த ரப்பர் எந்த மரத்துப் பாலோ என்று நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

பயறு வாங்கினார்கள் என்றேனே, அதற்குப் பின்னாலும் எங்கள் மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தின்றால் பெரிபெரி வரும், கால் வீங்கி இதயம் நின்றுபோகும் என்பது மலாயாவில் நிரூபிக்கப்பட்டது. புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு அந்த நோய் வருவதில்லை என்பதை இங்கிருந்த மருத்துவர்கள் முதலில் கவனித்தார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் எங்கள் நெகிரி செம்பிலானிலேயே, டுரியான் திப்பூஸில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வெள்ளையரிசியும் இன்னொன்றுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்து, 1909இல் முடிவை எழுதினார்கள். வெள்ளையரிசிக் குழுவுக்குத்தான் நோய் வந்தது. முகாம்களில் டன்லப் போன்றவர்கள் தவிடும் பயறும் தேடி அலைந்தது இந்தப் படிப்பினால்தான். புழுங்கலரிசி தின்று பழகிய என் தாத்தாவுக்கு அங்கே கிடைத்தது புழுத்த வெள்ளையரிசி. நம் பானையைப் பார்த்துக் கற்ற மருத்துவம், நமக்குத் தேவைப்பட்ட நேரத்தில் நம் பக்கத்தில் இல்லை.

முழுக்க இல்லை என்று சொல்வதும் சரியில்லை. 1943 நடுவில் தொழிலாளர் முகாம்களில் காலரா கட்டுக்கடங்காமல் போனதும், சிங்கப்பூர் சாங்கியிலிருந்து கைதி மருத்துவர்களையும் பணியாளர்களையும் திரட்டி ஜப்பானியர் அனுப்பினார்கள். ஜூனில் போன கே ஃபோர்ஸ் என்ற குழுவில் 230 பேர், ஆகஸ்டில் போன எல் ஃபோர்ஸ் என்ற குழுவில் 115 பேர். லட்சக்கணக்கான ஆட்களுக்கு இவ்வளவுதான். அவர்களிலும் பலர் நோயில் செத்தார்கள். தாத்தாவின் காலைப் பிடித்துச் சுரண்டிய கைதி டாக்டர் இந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். டன்லப் இல்லை. ஆனாலும் டன்லப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடுப்புத் துண்டு மனிதர்தான் தெரிகிறார்.

போர் முடிந்ததும் டன்லப் 1946இல் ராயல் மெல்பர்ன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அறுவையில் முன்னோடி என்று பெயர் வாங்கினார், இளம் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் ஆசியாவை விட்டுவிடவில்லை என்பது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1956இல் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும், அறுபதுகளில் இந்தியாவுக்கும் ஆலோசகராக வந்தார். 1969இல் ஆஸ்திரேலிய அறுவைக் குழுவுக்குத் தலைமையேற்று வியட்நாம் போனார், அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. முகாம்களுக்கு ரகசியமாக மருந்து கடத்திக்கொடுத்த பூன்போங் என்ற தாய்லாந்து வணிகரின் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்து ஒரு பயிற்சி நிதி இருக்கிறது. தாய்லாந்து இளம் அறுவை மருத்துவர்கள் அதில் ஆஸ்திரேலியா போய்ப் படித்து வருகிறார்கள். முகாமில் தன்னோடு இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் வாங்கித்தரவும் அவர் பல ஆண்டுகள் பாடுபட்டார். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு டாக்டர் உட்கார்ந்து, இந்த ஆளின் இந்தக் கால் இந்த முகாமில் இப்படிப் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். என் தாத்தாவின் காலைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை. அவரோடு எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

முகாமில் ஒளித்து ஒளித்து டன்லப் எழுதிய நாட்குறிப்பு 1986இல் நூலாக வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். நான் பக்கங்களைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே இருப்பார். தட்டைக் கொதிநீரில் முக்கும் இடம் வந்தபோது மட்டும், "திரும்பப் படி" என்றார். எங்கள் லயத்தில் அவர் வாரக்கூலி போலத் தவறாமல் வீடு வீடாகப் போய், தண்ணி கொதிக்க வச்சியா, கொதிக்க வச்சியா என்று கேட்டு எல்லோரிடமும் ஏச்சு வாங்கியவர்.

சில வருடம் முன்பு அப்பாவை அழைத்துக்கொண்டு காஞ்சனபுரி போனேன். அங்கிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் கணவாய். சுத்தியலும் உளியும் கொண்டு மலையைப் பிளந்த இடம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புக்கூடாக மனிதர்கள் வேலை செய்த காட்சியைப் பார்த்து நரகநெருப்பு என்று பெயர் வைத்தார்களாம். பாறைச் சுவரில் உளி இறங்கிய கோடுகள் இப்போதும் இருக்கின்றன. டன்லப் 1993 ஜூலையில் இறந்தார், மறு ஆண்டு ஏப்ரலில் அவர் சாம்பலின் ஒரு பகுதியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா அந்தப் பெயர்ப்பலகை முன்னால் கைகூப்பி நின்றார். அப்புறம் பாறைப்பக்கம் திரும்பி, இன்னும் நெடுநேரம் நின்றார். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த சூடத்தைப் பாறையடியில் ஏற்றினோம். ஈரக்காற்று, இரண்டு தடவை அணைந்துபோனது.

தாத்தா 1984 மழைக்காலத்தில் போய்விட்டார். கடைசி வாரம் புண் மறுபடி திறந்துகொண்டிருந்தது. நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பாடையில் வைக்கும் நேரம். அப்பா கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இனாமல் தட்டோடு வந்தார். தரையில் உட்கார்ந்து, தாத்தாவின் இடது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, பஞ்சால் ஒற்றி, மஞ்சள் மருந்து போட்டு, புதுத் துணிச்சுருளை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரு சுருக்கமில்லாமல் சுற்றினார். நுனியை மடித்துச் செருகினார். பிறகு, தூக்குங்கள் என்றார்.